நான் மூடிட்டன் சேர்



கொஞ்சம் நீளமான பதிவு இது. பெற்றோரும் பழைய மாணவர்களும் பொறுமையாக வாசித்து முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். போன தவணை பெற்றோர் கூட்டத்தில் கணினி அறையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை சொன்னோம். அது பிழை. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னதைத் திருத்துவதும் எல்லோருக்கும் முன்னால்தான் நடக்க வேண்டும். அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் பாடசாலைக் கணினி அறையை நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் பொறுப்பாகப் பார்க்கிறோம். அறைக்கு வந்த கணினிகள் 18. இப்போது எழும்பி வேலை செய்பவை 11. ஒவ்வொன்றிலும் 2 ஜிகாபைட் ரேம்தான் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் சாதாரண போனில்கூட அதைவிடக் கூட இருக்கும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் லீவில் வந்தபோது ஆறு கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுத் தந்தார். மற்றவற்றில் பழைய விண்டோஸ் ஓடுகிறது. எல்லாவற்றிலும் ஒரே எழுத்துத் தொகுப்பான் இருந்தால் பிள்ளைகளுக்குப் பழக லேசு என்று ஈமேக்ஸையும் அவரே போட்டார். இலவசம், எந்தப் பணிசெயல் முறைமையிலும் ஓடும், 1985ஆம் ஆண்டிலிருந்து பாவனையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதைப் பற்றி ஒரு பகிடி இருந்தது: எட்டு மெகாபைட்டை விழுங்கிவிட்டு ஓயாமல் வன்தட்டோடு மல்லுக்கட்டும் என்று. எட்டு மெகாபைட் என்பது அன்றைக்குப் பெரிய பகட்டு. இன்று ஒரு நல்ல படம் எடுத்தாலே அவ்வளவு வரும்.

சம்பவம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நடந்தது.

உயர்தர மாணவன் ஒருவன் ஏழாம் நம்பர் கணினியில் பைதன் பழகிக்கொண்டிருந்தான். ஈமேக்ஸுக்குள்ளேயே கட்டளைச் சாளரத்தைத் திறந்து அதில் தன் நிரலை ஓடவிட்டான். நிறுத்த வேண்டிய நிபந்தனையைப் பிழையாக எழுதிவிட்டான். நிரல் நிற்காமல் வரிக்கு மேல் வரியாக அச்சிட்டுக்கொண்டே போயிற்று. சற்று நேரம் கழித்துத்தான் கண்டான். நிரலை நிறுத்தினான், அந்தச் சாளரத்தையும் மூடினான், எழும்பிப் போனான். நாங்கள் சொல்லிக் கொடுத்தபடிதான் எல்லாவற்றையும் செய்திருந்தான்.

அவன் எழும்பிய இடத்தில் ஒரு மாணவி உட்கார்ந்தாள். பாடசாலைச் சஞ்சிகைக்காக ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கைப்பட எழுதித் தந்த நினைவுகளை அவள் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. எண்பது வயதைத் தாண்டிய மனிதர், கை நடுக்கத்தோடு எழுதியவை. திறந்து கிடந்த ஈமேக்ஸிலேயே, வெறுமையாக இருந்த பக்கத்தில் தட்டத் தொடங்கினாள். கோப்புக்குப் பெயர் வைக்கவில்லை. மூன்று மணித்தியாலத்தில் பதினொரு பக்கம் முடித்தாள். ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டலில் சந்தேகம் வந்து இணைய உலாவியைத் திறந்தாள். கணினி உறைந்தது. சுட்டி அசையவில்லை. வன்தட்டு மட்டும் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் வந்து பார்த்தோம். பெரும்பாடு பட்டு, எந்த மென்பொருள் எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தோம். ஈமேக்ஸ் ஒன்று மட்டும் ஒரு ஜிகாபைட்டுக்கு மேலே. பொறுமையில்லாமல் மின் பொத்தானை அழுத்திப் பிடித்தோம். பதினொரு பக்கமும் போயிற்று.

இந்த இடத்தில் ஒரு சிறு விளக்கம். ஈமேக்ஸ் தானாகப் பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளதுதான். சாதாரண அமைப்பில் 300 விசை அழுத்தங்களுக்கு ஒரு தடவையோ, கை 30 வினாடி சும்மா இருந்தாலோ ஒரு பிரதியை எழுதி வைக்கும். ஆனால் அது பெயர் வைத்துத் திறந்த கோப்புகளுக்குத்தான். ஆரம்பத்தில் வரும் வெறும் பக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதையும் நாங்கள் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாணவி அழுதாள். எங்களுக்குக் கோபம் வந்தது. இதற்கு முன்னால் யார் இருந்தது என்று கேட்டோம். மாணவனைக் கூப்பிட்டோம்.

"என்னத்த மகன் ஓடவிட்டுட்டுப் போன?"

"ஒரு புரோகிராம் லூப்பாகிட்டு சேர். ஆனா நான் மூடிட்டன் சேர்."

"மூடினா எப்பிடி ஒரு ஜிகாபைட் நிக்கும்? பொய் சொல்லாத."

"அல்லாஹ்வுக்காக சேர், நான் மூடிட்டுத்தான் எழும்பின."

அறையில் இருபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நம்பவில்லை. படமோ கேமோ எதையோ போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினோம். அந்த வாரம் நடந்த கூட்டத்தில், பெயர் சொல்லாவிட்டாலும், "சில மாணவர்கள் தேவையில்லாததை ஏற்றிக் கணினிகளைப் பழுதாக்குகிறார்கள்" என்று சொன்னோம். ஊருக்குள் யாரைச் சொன்னோம் என்று தெரியாமல் இருக்குமா? அவன் கணினி அறைக்கு வருவதை நிறுத்தினான். பத்து நாள் கழித்து அவனுடைய உம்மா கோல் எடுத்தார். "சேர், புள்ள ராவைக்கு ஒழுங்கா சாப்பிடுறான் இல்ல. கொம்பியூட்டர் பாடத்த மாத்தப் போறன் எண்டு சொல்றான். அவன் அப்பிடிச் செய்ற புள்ளையா சேர்?"

பதில் சொல்ல எங்களிடம் வார்த்தை இருக்கவில்லை. சந்தேகம் மட்டும் வந்தது.

அடுத்த நாள் பாடசாலை விட்ட பிறகு நாங்கள் இருவரும் ஏழாம் நம்பரில் உட்கார்ந்தோம். அவன் செய்ததை அப்படியே செய்தோம். நிற்காத நிரல் ஒன்றை எழுதி, ஈமேக்ஸுக்குள் ஓடவிட்டு, சில நிமிடம் கழித்து நிறுத்தினோம். சாளரத்தை மூடினோம். பட்டியலைப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஒரு ஜிகாபைட். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தோம். அதே அளவு. ஈமேக்ஸில் குப்பை சேகரிப்பை நாங்களே கட்டளையிட்டு ஓடவிட்டோம். இறங்கவே இல்லை.

அவன் மூடித்தான் இருக்கிறான்.

உடனே அந்தப் பழைய மாணவருக்குக் கோல் எடுத்தோம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சேர், மூடுறது வேற, திருப்பிக் கொடுக்கிறது வேற." பிறகு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். நாங்கள் பிறகு வாசித்தும் செய்து பார்த்தும் உறுதிப்படுத்திக்கொண்டோம். அதை எங்கள் ஊர் முறையில் சொல்கிறோம். வலீமா சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

கலியாண வீட்டுக்காரர் பள்ளிவாசல் ஸ்டோரிலிருந்து பாய்களை இரவலாக எடுக்கிறார். ஸ்டோர் பொறுப்பாளர் பாதிப் பாய் கொடுக்கமாட்டார், முழுப் பாயாகத்தான் கொடுப்பார். கணினியில் அந்த ஸ்டோர் பொறுப்பாளர்தான் பணிசெயல் முறைமை. பாய்க்கு அங்கே 'பக்கம்' என்று பெயர். எங்கள் கணினிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட். 2 ஜிகாபைட் என்றால் 524,288 பாய்கள். அவ்வளவுதான் ஊருக்கே உள்ள கையிருப்பு.

கலியாண வீட்டில் பாய்களை வாங்கி, விரித்து, வருகிறவர்களை உட்கார வைக்க ஒரு மச்சான் நிற்பார். அவர் ஸ்டோருக்கும் பந்திக்கும் இடையில் உள்ளவர். கணினியில் அந்த மச்சானின் வேலையைச் செய்வது ஒரு நூலகம். லினக்ஸில் பொதுவாக குளிப்சி என்ற நூலகத்தில் உள்ள 'மெல்லொக்'.

மூன்றாவது ஆள், சாப்பிட்டு முடித்தும் எழும்பாமல் இருப்பவர்களைப் பார்த்து எழுப்பிவிடுபவர். ஈமேக்ஸில் அவர்தான் குப்பை சேகரிப்பான். புதிதாக சுமார் 800,000 பைட் அளவுக்கு இடம் எடுக்கப்பட்டதும் அவர் ஒரு சுற்று வருவார். யாருக்கும் தேவைப்படாத பொருள்களைக் கண்டுபிடித்து இடத்தைக் காலியாக்குவார்.

எங்கள் தவறு இந்த மூன்று பேரையும் ஒரே ஆள் என்று நினைத்தது. எழுப்பிவிடுபவர் ஆட்களை எழுப்பினாலும் பாய் ஸ்டோருக்குப் போய்விடாது. மச்சான் அதை அடுத்த பந்திக்கு என்று விரித்தபடியே வைத்திருப்பார். ஸ்டோர் புத்தகத்தில் அந்தப் பாய்கள் இன்னும் கலியாண வீட்டுக் கணக்கில்தான் இருக்கும். நாங்கள் பார்த்த பட்டியல் ஸ்டோர் புத்தகம். அதில் ஒரு ஜிகாபைட் என்று எழுதியிருந்தது. வீட்டுக்குள்ளே பெரும்பாலான பாய்கள் வெறுமையாகக் கிடந்தன.

மச்சான் ஏன் உடனே திருப்பிக் கொடுப்பதில்லை? கஞ்சத்தனம் இல்லை. ஸ்டோருக்குப் போய் வருவது செலவு. அதோடு, ஸ்டோர் பொறுப்பாளர் எந்தப் பாயையும் கழுவித்தான் மறுபடி கொடுப்பார். ஒரு மென்பொருள் விட்டுப்போன எழுத்துகளை இன்னொரு மென்பொருள் வாசித்துவிடக் கூடாது என்பதற்காக, பணிசெயல் முறைமை ஒவ்வொரு பக்கத்தையும் பூச்சியத்தால் நிரப்பியே புதியவருக்குக் கொடுக்கிறது. ஐந்து நிமிடத்தில் அடுத்த பந்தி வருமென்றால் யார்தான் பாய்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்?

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் முக்கியமானது. ஒரு பாயில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாலும் அதைச் சுருட்ட ஏலாது. ஈமேக்ஸ் உள்ளுக்குள் பாவிக்கும் மிகச் சிறிய பொருள் 64 பிட் கணினியில் 16 பைட். ஒரு பக்கத்தில் அப்படிச் சுமார் 250 பொருள்கள் உட்காரலாம். 249 எழும்பிப் போய் ஒன்று மட்டும் இருந்தாலும் அந்தப் பக்கம் முழுவதும் பிடிபட்டதுதான். அந்த ஒருவரை வேறு பாய்க்கு மாற்றவும் முடியாது. மற்றப் பொருள்கள் அவருடைய முகவரியை எழுதி வைத்திருக்கின்றன.

லினக்ஸில் மச்சானுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பந்தி விரிப்பு ஒரே நீளமாக இருந்தால் கடைசிப் பாயிலிருந்துதான் சுருட்டத் தொடங்குவார். கடைசிப் பாயில் ஒரு சிறுபிள்ளை உட்கார்ந்திருந்தால், அதற்கு முன்னால் நூறு பாய் வெறுமையாக இருந்தாலும் ஒன்றையும் சுருட்டமாட்டார். எங்கள் ஏழாம் நம்பரில் நடந்தது இதுதான். நிரல் கொட்டிய வரிகள் சிறு சிறு துண்டுகளாக வந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் நிறம், வகை என்று குறிப்புகளை ஈமேக்ஸ் ஒட்டி வைத்தது. அந்தக் குறிப்புகள் கோடிக் கணக்கான பைட்டுகளுக்கு நினைவகமெங்கும் பரவின. சாளரத்தை மூடியதும் அவை காலியாகின. ஆனால் இடையிடையே வேறு பொருள்கள் உட்கார்ந்துவிட்டன. பாய்கள் சுருளவில்லை.

அப்படியென்றால் பெரிய கோப்பைத் திறந்து மூடினாலும் இதே நிலைதானா என்று கேட்டோம். "நீங்களே செய்து பாருங்க சேர்" என்றார். 200 மெகாபைட் அளவில் வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றைச் செய்து திறந்தோம். கணக்கு ஏறியது. மூடினோம். உடனே இறங்கியது! பெரிய கூட்டமாக வருகிறவர்களுக்கு மச்சான் தனி அறையில் தனிப் பாய் விரிப்பார். அவர்கள் எழும்பியதும் அந்த அறை முழுவதையும் அப்படியே ஒப்படைப்பார். குளிப்சியில் இந்தத் தனி அறைக்கான எல்லை 128 கிலோபைட்டில் தொடங்குகிறது. பிறகு பாவனையைப் பார்த்து நூலகமே அதைக் கூட்டிக்கொள்ளும், 64 பிட் கணினியில் 32 மெகாபைட் வரைக்கும். ஆக, எங்கள் கணினியை உறைய வைத்தது ஒரு பெரிய பொருள் இல்லை, எண்ணற்ற சின்னப் பொருள்கள்.

பிறகு அவர் ஒரு வித்தை காட்டினார். பிழை தேடும் கருவி ஒன்றின் மூலம், ஓடிக்கொண்டிருந்த ஈமேக்ஸுக்குள் நுழைந்து 'மெல்லொக் டிரிம்' என்ற செயலைக் கூப்பிடச் சொன்னார். இது மச்சானிடம், "கடைசிப் பாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, நடுவிலே எங்கெல்லாம் ஒரு ஆளும் இல்லாத பாய் இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடு" என்று சொல்வது போன்றது. 2008இல் வந்த குளிப்சி 2.8இலிருந்துதான் அது நடுவில் உள்ள வெறும் பக்கங்களையும் திருப்பிக் கொடுக்கிறது. கட்டளையைக் கொடுத்தோம். கண்முன்னே ஒரு ஜிகாபைட், முந்நூறு மெகாபைட் அளவுக்கு இறங்கியது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தப் பிள்ளையின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

புதிய ஈமேக்ஸ் பதிப்புகளில் அதே பெயரில் ஒரு செயல் உள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து நுழையத் தேவையில்லை. ஆனால் குளிப்சி உள்ள முறைமைகளில் மட்டும்தான் அது கிடைக்கும். 2022இல் வந்த 28.1 பதிப்பில் நினைவக அறிக்கை தரும் கட்டளையும் சேர்ந்திருக்கிறது. எந்தக் கோப்பு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். அன்றைக்கு எங்களிடம் அது இருந்திருந்தால், அவனைத் திட்டுவதற்கு முன்னால் பார்த்திருக்கலாம். பார்த்திருப்போமா என்பது வேறு கேள்வி.

விண்டோஸ் கணினிகளிலும் சோதித்தோம். அங்கே ஸ்டோர் வேறு மாதிரி நடக்கிறது. மண்டபத்தை முதலில் பதிவு செய்து வைக்கலாம், பாய்களைப் பிறகு தேவைக்கு விரிக்கலாம். பதிவும் விரிப்பும் இரண்டு தனிக் காரியங்கள். திருப்பிக் கொடுப்பதும் அப்படியே: பாயை மட்டும் கொடுத்து மண்டபப் பதிவை வைத்துக்கொள்ளலாம், இரண்டையும் சேர்த்தும் விடலாம். ஈமேக்ஸ் விண்டோஸில் கோப்பின் எழுத்துகளை இந்த வழியில்தான் வைக்கிறது. அதனால் பெரிய கோப்பை மூடியதும் அங்கேயும் உடனே இறங்கியது. சிறு பொருள்கள் அங்கேயும் தேங்கின. மெல்லொக் டிரிம் விண்டோஸில் இல்லை. பழைய எக்ஸ்பி காலத்தில் சாளரத்தைச் சிறிதாக்கிக் கீழே வைத்தால் நினைவகக் கணக்கு சட்டென்று குறையும். எங்களில் பலர் அதை நினைவகம் விடுதலையாகிறது என்று நம்பியிருந்தோம். அது திருப்பிக் கொடுத்தல் அல்ல, பாய்களைத் தற்காலிகமாகப் பின்வாசலுக்கு ஒதுக்குவது மட்டும். சாளரத்தை மறுபடி திறந்ததும் வேண்டியதெல்லாம் திரும்பி வரும்.

எங்கள் ஆங்கில ஆசிரியையிடம் ஒரு மேக் மடிக்கணினி உண்டு. அதையும் இரவல் வாங்கிப் பார்த்தோம். மேக்கில் மென்பொருள் ஸ்டோருக்கு ஒரு தகவல் சொல்லி வைக்கும்: "இந்தப் பாய்கள் எனக்கு இப்போது தேவையில்லை, உங்களுக்குத் தேவை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்." தேவை வரும்வரை எடுக்காமலும் இருக்கலாம். அதோடு 2013இலிருந்து மேக் பாவிக்காத பக்கங்களை நெருக்கி மடித்து வைக்கிறது. நாலு பாயை இறுக்கிச் சுருட்டி ஒரு பாயின் இடத்தில் வைப்பது மாதிரி. புதிய அப்பிள் சில்லு உள்ள கணினிகளில் ஒரு பாயே பெரிது, 16 கிலோபைட்.

ஆக ஒரே தொகுப்பான், ஒரே கோப்பு. மூன்று முறைமையில் மூன்று விதமாகக் கணக்கு தெரிகிறது. இலக்கத்தை மட்டும் பார்த்து யாரையும் குற்றம் சொல்ல ஏலாது என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் விஎஸ் கோட் பாவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. அந்தத் தொகுப்பானில் ஒருவர் 35 மெகாபைட் கோப்பு ஒன்றைத் திறந்தபோது சுமார் 600 மெகாபைட் நினைவகம் பிடித்திருக்கிறது. கோப்பில் 1 கோடியே 37 லட்சம் வரிகள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனிப் பொருள், ஒவ்வொன்றுக்கும் 40 முதல் 60 பைட். பெருக்கிப் பாருங்கள், கணக்கு வரும். 2018இல் அவர்கள் வரிக்கு வரி பொருள் வைப்பதை விட்டுவிட்டு, கோப்பைப் பெரிய துண்டுகளாக வைக்கும் முறைக்கு மாற்றினார்கள். அதாவது திருப்பிக் கொடுக்கும் வழி தேடுவதைவிட, முதலிலேயே குறைவாக எடுத்தார்கள். வீட்டுச் செலவுக்கும் இது பொருந்தும் என்று எங்கள் சக ஆசிரியர் சொல்கிறார்.

இனி மன்னிப்பு.

மறுநாள் காலை அவனுடைய வீட்டுக்குப் போனோம். வாப்பா கடையில், உம்மா வாசலில். அவன் உள்ளே இருந்து வரவில்லை. "மகன், நீ மூடித்தான் இருக்கிறாய். நாங்கதான் பிழை" என்று வெளியே நின்றே சொன்னோம். கொஞ்ச நேரம் கழித்து வந்தான். முதல் கேள்வியாக, "அப்ப ஏன் சேர் குறையல்ல?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவன் பத்து நாளாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். நாங்கள் அன்றைக்கே இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் போதுமாக இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து பாய்க் கதையைச் சொன்னோம். பாதியிலேயே அவன் முந்திக்கொண்டு, "அப்ப நடுவுல உள்ள பாய எடுக்க ஒரு வழி இருக்கோணுமே சேர்?" என்றான். அவனுடைய உம்மா எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

அந்த வாரக் காலைக் கூட்டத்தில் எல்லா மாணவர்களுக்கும் முன்னால் எங்கள் பிழையைச் சொன்னோம். பிறகு கணினி அறையில் அவனையே கொண்டு அந்தச் சோதனையை மற்றப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொன்னோம். கணக்கு இறங்கியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். பதினொரு பக்கத்தை இழந்த மாணவிக்கு நாங்கள் என்ன செய்ய? அவளோடு நான்கு பிள்ளைகள் உட்கார்ந்து பக்கங்களைப் பிரித்துத் தட்டினார்கள். அவனும் மூன்று பக்கம் தட்டினான். இந்தத் தடவை எல்லாக் கோப்புக்கும் பெயர் வைத்துத்தான் தொடங்கினார்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எல்லாக் கணினிக்கும் ரேம் வாங்கப் பணம் சேர்க்கும் பேச்சு நடந்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தப் பேச்சு எழும்பியது. இப்போது எங்கள் கோரிக்கையைத் திருத்துகிறோம். அதிக வேலை நடக்கும் இரண்டு கணினிகளுக்கு மட்டும் ரேம் கூட்டினால் இப்போதைக்குப் போதும். மற்றவற்றுக்குப் பழக்கத்தை மாற்றினாலே ஓடும். ஒவ்வொரு ரூபாயும் நீங்கள் கஷ்டப்பட்டுத் தருவது.

கணினி அறையில் இப்போது சுவரில் ஒட்டியிருப்பவை இவை. வீட்டிலும் பயன்படும்:

1. எழுதத் தொடங்கு முன் கோப்புக்குப் பெயர் வைக்கவும். பெயரில்லாத பக்கத்துக்குக் காவல் இல்லை.

2. ஒருவர் எழும்பி இன்னொருவர் உட்காரும்போது சாளரத்தை மட்டும் மூடாமல் மென்பொருளையே மூடித் திறக்கவும். மென்பொருள் முடிந்தால் பணிசெயல் முறைமை எல்லாப் பாய்களையும் தானே எடுத்துக்கொள்ளும். எந்த முறைமையிலும் இதில் வித்தியாசம் இல்லை.

3. பெருந்தொகையாக அச்சிடும் நிரலைத் தொகுப்பானுக்குள் ஓடவிடாமல், வெளியீட்டை ஒரு கோப்புக்கு அனுப்பவும்.

4. நினைவகக் கணக்கு பெரிதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். மற்ற மென்பொருளுக்கு இடமில்லாமல் வன்தட்டு அரைக்கத் தொடங்கினால்தான் பிரச்சினை.

5. கணினி உறைந்தால் மின் பொத்தானில் கை வைக்க முன் ஐந்து நிமிடம் பொறுக்கவும்.

ஐந்தாவது, முதலில் எங்களுக்கு. கணினிக்கு மட்டுமல்ல, பிள்ளைகளிடமும்.

அந்த மாணவன் பாடத்தை மாற்றவில்லை. அல்ஹம்துலில்லாஹ். இந்தப் பதிவைப் போடுவதற்கு அவனிடமும் அவனுடைய பெற்றோரிடமும் அனுமதி கேட்டோம். பெயர் போடாமல் எழுதச் சொன்னார்கள். வாசித்துப் பார்த்துவிட்டு அவன் ஒரு திருத்தம் மட்டும் சொன்னான்: "லூப் போட்டது என்ட பிழைதான் சேர். அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டோம்.